பானெட்டுக்குள்ள தண்ணி அடிக்கலாமா? ஆயுத பூஜை வருதே

கேள்வி, 2024 அக்டோபர் 2, காலை

சேலம் அம்மாப்பேட்டையில எங்க தெருவுல பூஜைக்கு முன்னாடி எல்லா வண்டியும் வாட்டர் சர்வீஸ் போயிட்டு வருது. பானெட்டத் தொறந்து என்ஜின் மேலயே பிரஷர்ல அடிக்கிறாங்க. புது வண்டி மாதிரி ஆயிருது. இது வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. மழையில ஓடுற வண்டிதானே, தண்ணிக்கு ஏன் பயப்படணும்? கூடாதுன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

பதில், அக்டோபர் 2, ராத்திரி

அடிக்காதீங்க. காரணம் வேணும்னா என் கதையக் கேளுங்க.

போன வருசம் அக்டோபர் 23 ஆயுத பூஜை. முந்தின நாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டிய வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். கடை பேரு வேண்டாம். வண்டி 2013 மாடல், பெட்ரோல், நாலு சிலிண்டர். அங்க இருந்த பையன் கேக்காமலே பானெட்டத் தூக்குனான், நானும் தடுக்கல. பளிச்சுனு ஆச்சு, அது உண்மை. வீடு அங்கருந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. கொண்டு வந்து நிறுத்தி, மறுநாள் வாழக்கன்னு கட்டி, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்கா ஒடச்சாச்சு. அதுக்கு மறுநாள் விஜயதசமி. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டு குடும்பத்தோட ஏற்காட்டுக்குக் கெளம்புனோம். நாகலூர்ல சகலை வீடு.

அடிவாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஏற ஆரம்பிச்சு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல மிதிக்கிறேன், வண்டி ஒதறுது. மஞ்ச என்ஜின் லைட்டு மினுக்கு மினுக்குனு மினுக்குது. பின்னாடி பஸ்காரர் ஹாரன் மேல ஹாரன். எப்படியோ ஓரங்கட்டுனேன். குரங்கு ரெண்டு பானெட் மேல ஏறி உக்காந்துக்கிச்சு, பூஜைக்குக் கட்டுன வாழக்கன்ன அதுங்க பிச்சுத் தின்னது தனிக் கதை.

அடிவாரத்துல இருந்து ஒரு மெக்கானிக் பைக்ல ஏறி வந்தார். பிளக்குக்குக் கரண்ட் குடுக்கற காயில ஒவ்வொண்ணா உருவிப் பாத்தார். மூணாவது சிலிண்டர்ல, பிளக் உக்காந்திருக்கற குழிக்குள்ள தண்ணி நிக்குது. பனியன் வேஸ்ட்டக் கம்பியில சுத்தி உள்ள விட்டு எடுத்தா துணி கறுப்பா வருது. கழுவுன அழுக்கு பூரா அங்க போய்த் தேங்கியிருக்கு பாருங்க. "வெறும் தண்ணி இல்லீங்க சார், கொழகொழன்னு இருக்கு"ன்னார். அதையெல்லாம் காது குடுத்துக் கேக்குற நெலமையில நான் இல்ல. தொடச்சு மாட்டுனார், ஓடுச்சு.

சமவெளியில ஓடுன வண்டி மலையில ஏன் மக்கர் பண்ணுச்சுன்னு அவரே சொன்னார். லோடு ஏற ஏற சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும், பிளக் நுனியில பொறி தாண்டுறதுக்கு இன்னும் அதிக வோல்டேஜ் வேணும். குழியில தண்ணி இருந்தா கரண்ட் அந்தச் சிரமத்தையே எடுத்துக்காது, பிளக்கோட வெளிப்பக்கமா வழிஞ்சு பாடிக்கு எர்த் ஆயிரும். ஐடிலிங்ல தெரியாது. ஏத்தத்துல மானம் போகும். லைட்டு மினுக்கும்போது மிதிச்சுக்கிட்டே போகவும் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர காலி பண்ணிரும்.

எறங்கி வந்ததும் நேரா அந்தக் கடைக்குப் போய் சத்தம் போட்டு 500 ரூபா வாங்கிட்டு வந்தேன். மெக்கானிக் கூலி.

மழையில ஓடுற வண்டிதானேன்னு கேட்டீங்க. மழைக்கு பானெட்டே கூரை. மேல இருந்து எறங்கற தண்ணி ஒதுங்கி வழிஞ்சு போற மாதிரிதான் எல்லாம் அமைச்சிருக்கு. உங்க டயர்ல 33 பிஎஸ்ஐ காத்து இருக்குமா? வாட்டர் சர்வீஸ் மெஷின் 100 பார், கிட்டத்தட்ட 1,450 பிஎஸ்ஐ. நாப்பது மடங்குக்கு மேல. அத ஒரு சாண் தூரத்துல இருந்து, ஒயர இணைக்கற கப்ளர் மேல காட்டுனா பத்து வருசப் பழைய ரப்பர் எத்தன நேரம் தாங்கும்?

அக்டோபர் 3

"கூடாதுன்னு மட்டும் சொன்னா எப்படி, அழுக்க என்ன பண்றது"ன்னு கேட்டிருக்கீங்க. நான் பண்றதச் சொல்றேன்.

மொதல்ல என்ஜின் ஆறணும். கை வெச்சா வெதுவெதுப்பா இருந்தாப் போதும், சுட்டா வேண்டாம். என்ஜின் புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சில நூறு டிகிரிக்குப் போயிட்டு வந்த இரும்பு, அது மேல பச்சத் தண்ணி பட்டா விரிசல் விட வாய்ப்பு இருக்கு. சூட்டுல கிளீனரும் படக்குனு காஞ்சு வெள்ளத் திட்டா ஒட்டிக்கும். நான் ஞாயித்துக்கிழமை காலையில, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே, நெழல்ல வெச்சுத்தான் ஆரம்பிப்பேன்.

அப்புறம் போட்டோ. கையில கிளீனர் எடுக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போன்ல எடுத்து வெச்சுக்கங்க. எங்க எண்ணெய்ப் பிசுக்கு, எங்க பச்சையாவோ ரோஸாவோ காஞ்ச கறை. ரோஸ் கறை இருந்தா கூலன்ட் கசிஞ்சு காஞ்சிருக்குன்னு அர்த்தம். அழுக்குல சேதி இருக்கு, தொடச்சுட்டா அழிஞ்சுரும்.

பேட்டரிய ரெண்டு முனையும் கழட்டி வெச்சிருங்க. 10 நம்பர் ஸ்பேனர் போதும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், காயில் வரிசை, ஏர் ஃபில்டருக்குப் போற வாய், இந்த நாலுக்கும் பிளாஸ்டிக் கவர் சுத்தி ரப்பர் பேண்டு. பால் கவர வெட்டி விரிச்சா அளவு சரியா இருக்கு. நம்ம ஊரு மெக்கானிக்குங்க ஆல்டர்னேட்டர இன்னும் டைனமோன்னுதான் சொல்வாங்க, குழம்பிக்காதீங்க. டிப்ஸ்டிக்கும் ஆயில் மூடியும் இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவ அழுத்திப் பாத்துருங்க.

காஞ்ச தூசிய முதல்ல பெயின்ட் பிரஷ்ல தட்டி எடுக்கணும். அழுக்குல பாதி இதுலயே போயிரும். தண்ணி பட்டா இதே தூசி சேறாயிரும், அப்புறம் எடுக்கறது பாடு. மிச்சத்துக்கு தண்ணியில கரையுற டிகிரீஸர், அதாவது பிசுக்கு எடுக்கற கிளீனர். நான் பத்துக்கு ஒண்ணு கலக்குறேன், உங்க கேன் மேல என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் கணக்கு. செடிக்கு அடிக்கிற கைப்பம்பு ஸ்பிரேயர்ல ஊத்தி, நேரா அடிக்காம பிரஷ் மேலயும் துணி மேலயும் அடிச்சுக்கிட்டு தேய்ப்பேன். ரெண்டு மூணு நிமிசத்துக்கு மேல ஊற விடறதில்ல. இந்த கிளீனர்ல பலது காரம், அலுமினியத்து மேல காய விட்டா கறை நெரந்தரம். ஒரு தடவ துணி சோப்புத் தூளக் கரைச்சு அடிச்சேன், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் வெளுத்துப் போயி இன்னிக்கும் அப்படியே இருக்கு.

கழுவறதுக்கு அதே கைப்பம்புல நல்ல தண்ணி, இல்லாட்டி ஈரத்துணி. மேல இருந்து கீழ. முடிச்சதும் காத்து. பைக் பஞ்சர் கடையில கூட காத்து அடிச்சுக்கலாம், ஆனா கப்ளர் வாய்க்கு நேரா வெக்காம சாச்சு அடிங்க. பானெட்டத் தொறந்தே ஒரு மணி நேரம் விட்டுட்டு, கவரெல்லாம் எடுத்து, பேட்டரிய மாட்டி, பத்துப் பதினஞ்சு நிமிசம் ஓட விடுங்க. கவர எடுக்க மறந்துட்டு ஸ்டார்ட் பண்ணிராதீங்க. பால் கவர் ஃபேன் பெல்ட்டுல சுத்திக்கிட்டா என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும், எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

அக்டோபர் 3, ராத்திரி

திருத்தம். பேட்டரி ரெண்டு முனையும்னு எழுதிட்டேன். மைனஸ் மட்டும் போதும்னு ஒருத்தர் சொல்லியிருக்கார், சரிதான். ரெண்டும் கழட்டுறவங்க மைனஸ மொதல்ல கழட்டணும், மாட்டும்போது மைனஸ் கடைசி. மாத்திப் பண்ணுனா ப்ளஸ்ல இருக்கற ஸ்பேனர் பாடியத் தொட்டுச்சுன்னா வெல்டிங் பட்டறைதான்.

கழட்டி மாட்டுன பின்னாடி கடிகாரம் 12:00ல நிக்கும், ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி எறங்கும். பயப்படாதீங்க, அதுவே சரியாகும். ஆனா ஸ்டீரியோவுக்கு கோட் நம்பர் கேக்கற வண்டின்னா அந்த அட்டைய முன்னாடியே தேடி வெச்சுக்கங்க.

அக்டோபர் 5

மண்ணெண்ணெய், டீசல் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. "எங்கப்பா டீசல்லதான் கழுவுவாரு, வண்டி இருவது வருசம் ஓடுச்சு."

எங்கப்பாவும்தான். அவர்கிட்ட இருந்தது மொபெட். பிசுக்கு அதுல நல்லாவே விடும், இல்லேங்கல. ஆனா ரேடியேட்டர் ஹோஸ் பைப்பும் இப்ப வர்ற பெல்ட்டும் பெரும்பாலும் ஈபிடிஎம்ங்கற ரப்பர். சூடு, தண்ணி, கூலன்ட் எல்லாத்தையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகாது. உறிஞ்சும், உப்பும், மெதுமெதுன்னு ஆகும். பெல்ட்டுல பட்டா வழுக்கிக்கிட்டுக் கத்தும். இன்னொண்ணு, எண்ணெய் பூசுன என்ஜின் அன்னிக்கு மினுமினுக்கும், ஒரு வாரத்துல கருப்பூர் பக்கம் ஒரு தடவ போயிட்டு வந்தா அத்தன தூசியும் அது மேலதான்.

பெட்ரோல் ஊத்தித் தொடைக்கிறேன்னு எழுதுனவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு: உங்க வீடு ஓட்டு வீடா, மெத்தை வீடா? எதுவானாலும் இன்ஷூரன்ஸ் போட்டு வெச்சிருங்க.

தேங்காண்ணெய் தடவி பிளாஸ்டிக்கக் கறுப்பாக்குற தம்பிக்கு: எலிக்கு நீங்க போடுற விருந்து அது. பால் மாதிரி இருக்கற, தண்ணியில கரையுற டிரெஸ்ஸிங் வாங்கி, துணியில லேசாத் தொட்டுத் தேய்ங்க. பெல்ட், மேனிஃபோல்டு ரெண்டையும் விட்டுருங்க.

அக்டோபர் 6

கருப்பூர்னதும் ஞாபகம் வந்துச்சு. சேலத்து வண்டிக்குன்னே ரெண்டு சங்கதி இருக்கு.

ஒண்ணு வெள்ளத் தூசி. ஜாகீர் அம்மாபாளையம், வெள்ளக்கல்பட்டி பக்கம் இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மேக்னசைட் சொரங்கம். பவுடர் மாதிரி நைசான தூசி, ஏர் ஃபில்டர்ல மொதல்ல தெரியும். வெள்ளக்காரன் அந்தக் கரட்டுக்கு சாக் ஹில்ஸ்னு பேரு வெச்சான், ஆனா அது சாக்பீஸ் சுண்ணாம்பு இல்ல, மெக்னீசியம் கார்பனேட். உருக்காலை உலைக்குள்ள அடுக்கற செங்கலுக்குப் போற கல்லு. உலைச் சூட்டையே தாங்குற பொருள் உங்க டிகிரீஸருக்கா அசரப் போகுது. காஞ்ச பிரஷ்தான் அதுக்கு மருந்து.

ரெண்டாவது போர் தண்ணி. எங்க வீட்டுப் போர் தண்ணியில பருப்பு வேகாது. அதுல என்ஜின அலசுனா காஞ்சதும் எங்க பாத்தாலும் உப்புப் பூத்து நிக்குது. கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணி வர்ற நாள்ல ரெண்டு குடம் புடிச்சு வெச்சுக்கறேன். வீட்டம்மா பாத்துட்டு, "குடிக்கற தண்ணிய காருக்கு ஊத்துறீங்களே, மேட்டூர் அணையக் கட்டுனவன் கேட்டா என்ன நெனைப்பான்"னாங்க. ரெண்டு குடம் ஒரு குடம் ஆச்சு. அப்புறம் பாத்தா ஒரு குடமே மிச்சம். ஈரத்துணிக்கு அவ்வளவுதான் வேணும்.

அக்டோபர் 8

பேட்டரி முனையில பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்குன்னு கேட்டவருக்கு: ஆப்ப சோடா ஒரு ஸ்பூன், வெந்நி ஒரு டம்ளர், பழைய டூத் பிரஷ். அமிலமும் சோடாவும் சேந்து நொரைக்கும், நொரை அடங்கற வரைக்கும் தேய்ச்சு ஈரத்துணியில தொடைங்க. மேல மூடி இருக்கற பேட்டரின்னா மூடி இறுக்கமா இருக்கணும், சோடாத் தண்ணி செல்லுக்குள்ள போகக் கூடாது. காஞ்சதும் வாசலின். கையில உறை போட்டுக்கங்க.

டூத் பிரஷ் பழசுதானான்னு உறுதிப்படுத்திக்கங்க. எங்க வீட்டுல இன்னும் அந்த விசாரணை முடியல.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

எல்லாருக்கும் வாழ்த்து. அவசரமா ஒரு விசயம்.

பக்கத்து வீட்டுல இப்பத்தான் நடந்துச்சு. காலையில ஸ்பிரே டப்பாவுல வர்ற கிளீனர அடிச்சு என்ஜினத் தொடைச்சிருக்கார், பெட்ரோலிய வாடை அடிக்குது. அதே கையோட பானெட்டத் தொறந்து வெச்சு கற்பூரத் தட்டை உள்ள காட்டப் போனார். நான் போய்க் கையப் புடிச்சேன். கோவிச்சுக்கிட்டார். ஆவி நிக்கற எடத்துல நெருப்பு ஆகாது. போதாக்கொறைக்கு பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் வரும். ஆரத்திய முன்னாடி பம்பர் பக்கம் நின்னு காட்டுங்க, சாமி எட்டிப் பாத்துக்கும்.

சந்தனத்த பிளாஸ்டிக் கவர் மேல வைங்க, கப்ளர் மேல வேண்டாம். பொரிய பானெட்டுக்குள்ள தூவாதீங்க. எங்க வீட்டு வாண்டுங்க ஒரு கைப்பிடி அள்ளி என்ஜின் மேலயே போட்டுட்டாங்க, இப்பத்தான் ஒவ்வொண்ணாப் பொறுக்கி முடிச்சேன். ஒரு பருக்க விடல.

அக்டோபர் 14

விஜயதசமிக்கு மறுபடியும் நாகலூர். இந்தத் தடவ இருவது வளைவும் சத்தமில்லாம ஏறுச்சு.

சகலைக்கு இந்த விவாதமே சிரிப்பு. அவர் காப்பி எஸ்டேட்டுல இருக்கார், எஸ்டேட் ஜீப்பு ஒண்ணு கையில. பக்கெட்டுல தண்ணி மோந்து என்ஜின் மேலயே வீசுனார், எனக்குக் காட்டறதுக்காக. செல்ஃப் எடுத்ததும் ஓடுச்சு. "எங்கிட்டு உங்க கப்ளரு?"ன்னார்.

நியாயமான கேள்வி. அது பழைய டீசல், பிளக் கிடையாது, காயில் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பம்பு டீசலத் தள்ளும், அழுத்தத்துல காத்து சூடாகித் தானே பத்திக்கும். நனையறதுக்கு என்ன இருக்கு, ஒரு டைனமோவும் செல்ஃப் மோட்டாரும். நாலு பக்கெட் ஊத்துனாலும் அது பாட்டுக்கு ஓடும். அதப் பாத்துட்டு 2020 மாடல் டீசல்ல ஊத்துனா சென்சார்தான் மொதல்ல அழும். சகலையோட தத்துவம் சகலையோட ஜீப்புக்கு மட்டும்.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்டதும் ஒண்ணு இருக்கு. நான் பானெட்டத் தொறந்ததும் அவர் என்ஜினப் பாக்கல, நேரா வைப்பர் அடியில இருக்கற பள்ளத்துல கைய விட்டு ஒரு கூடை சில்வர் ஓக் எலைய அள்ளி வெளிய போட்டார். அங்க காப்பிக்கு நெழலுக்கும் மொளகுக் கொடி ஏத்தறதுக்கும் அந்த மரம்தான், ஒரு நாள் நிறுத்துனா போதும், எலை ரொம்பிரும். அந்தப் பள்ளத்துல ரெண்டு ஓரத்துலயும் வடிகால் ஓட்டை. அடைச்சா மழைத் தண்ணி குளமா நின்னு, ஏசி காத்து இழுக்கற வழியா காருக்குள்ள எறங்கும். பத்து வருசமா வண்டி வெச்சிருக்கேன், அந்த ஓட்டை இருக்கறதே எனக்குத் தெரியாது.

மேல போய் எறங்குனதும் கழுவ ஆரம்பிக்காதீங்க. ரேடியேட்டர் மூடியையும் தொடாதீங்க. ஏற்காடு 1,500 மீட்டர் ஒசரம், அங்க வெறும் தண்ணி 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியோட அழுத்தந்தான் கூலன்ட்டக் கொதிக்காமப் புடிச்சு வெச்சிருக்கு. தொறந்தா மொகத்துல.

டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் எத்தன பேர் வண்டிக்குள்ள தண்ணி எறங்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. பாதிப் பேருக்கு அந்த எலை அடைச்ச ஓட்டைதான், போய்ப் பாருங்க. சகலை மலைய விட்டு எறங்க முடியல, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. போன்ல "உங்க கார் நனைஞ்சுதா"ன்னு மட்டும் கேட்டுட்டு சிரிக்கிறார்.

வெள்ளத் தண்ணி என்ஜின் மட்டத்துக்கு ஏறுன வண்டின்னா இந்த இழையில இருக்கற எதுவும் அதுக்குப் பொருந்தாது. சாவியத் திருப்பாதீங்க, தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா தண்ணிய அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும்.

2025 பிப்ரவரி 16

எலி. வேற யாரு. ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் ஒரு ஒயர், வாஷர் பைப்பு ஒண்ணு. சவுண்டு அடங்கறதுக்கு பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற பஞ்ச வேற பிச்சுக் கூடு கட்டியிருக்கு. புகையில வெச்சேன், அந்துருண்டை வெச்சேன், ரெண்டுக்கும் மூக்கப் புடிச்சுக்கிட்டது நான்தான், எலி இல்ல. இப்ப ராத்திரியில பானெட்டக் கொஞ்சம் தொறந்தே விடறேன், வெளிச்சம் பட்டா கூடு கட்டாதுன்னு சொல்றாங்க. அடியில கம்பி வலை அடிச்சவர் ஒருத்தர் இருக்கார், அவர் வண்டிக்கு ஒண்ணும் ஆகல.

சுத்தமான என்ஜின்ல எலிப் புழுக்கை உடனே கண்ணுல படும். அழுக்கா இருந்திருந்தா ஒயர் அறுந்து நடுரோட்டுல நின்ன பின்னாடிதான் தெரிஞ்சிருக்கும். பொரி வாசனைக்குத்தான் வந்துச்சுன்னு வீட்டம்மா சொல்றாங்க. பொரி எல்லாம் அக்டோபர்லயே பொறுக்கிட்டேன்.

மார்ச் 2

எலெக்ட்ரிக் கார்க்காரருக்குச் சுருக்கமா: ஆரஞ்சு கலர் கேபிள் எங்க இருக்கோ அங்க உங்க கையும் தண்ணியும் போக வேண்டாம். அது ஹை வோல்டேஜ். காஞ்ச துணி போதும், உள்ள எண்ணெய்ப் பிசுக்கே கெடையாதே, எதுக்குக் கழுவணும்? ஹைபிரிடுக்கும் இதுதான்.

மே 19

இத எழுதணுமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

கோடை லீவுக்கு ஏற்காடு கூட்டிட்டுப் போகச் சொல்லி வீட்டுல நச்சரிப்பு. இந்தத் தடவ ஒன்பது வரைக்கும் கூடப் போகல, ஆறாவது வளைவுலயே அதே ஒதறல், அதே மினுக்கு லைட்டு. கழுவி ரெண்டு மாசம் ஆச்சு, அதுவும் ஈரத்துணியில. மழையும் இல்ல. திருப்பிக்கிட்டு மெதுவா எறங்கி, வழக்கமா நம்ம வண்டி பாக்கற மெக்கானிக்கிட்ட விட்டேன். ஸ்கேனர மாட்டுனார், பி0303. மூணாவது சிலிண்டர். அதே மூணு.

காயில உருவுனார். குழிக்குள்ள தண்ணி ஒரு சொட்டு இல்ல. ஆயில். விரல் முழுகற அளவுக்கு கறுப்பு ஆயில். என்ஜின் தலைய மூடுற டேப்பட் கவர் பேக்கிங்கோட வர்ற பிளக் குழி ரிங்கு வருசக்கணக்குல சூட்டுல வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆயிருக்கு, கையில ஒடியுது. அந்த வழியா ஆயில் மெள்ள மெள்ள ஊறியிருக்கு. காயில் அடியில இருக்கற ரப்பர் பூட்டு ஆயில்ல ஊறி உப்பி, வாய் விரிஞ்சு லொடலொடன்னு. "இது நேத்தைக்கு ஆனதில்லண்ணா, ரெண்டு வருசமாவது இருக்கும்"னார்.

ரெண்டு வருசம். அதாவது 2023 அக்டோபருக்கும் முன்னாடி. மலையில பனியன் வேஸ்ட்டுல வந்த கறுப்பு கழுவுன அழுக்கு இல்ல. "கொழகொழன்னு இருக்கு"ன்னு அடிவாரத்து மெக்கானிக் அன்னிக்கே சொன்னார். அதையும் இந்த இழையில நானே எழுதி வெச்சிருக்கேன், மேல போய்ப் பாருங்க, எழுதுனவனுக்கே வெளங்கல. மத்த மூணு காயில் மேலயும் அதே தண்ணிதான் அன்னிக்கு அடிச்சது, அந்த மூணுக்கும் ஒண்ணும் ஆகல. வாய் விரிஞ்ச ரப்பர் இருந்த குழியில மட்டும் எறங்கிருக்கு.

பேக்கிங் செட்டு, ஒரு காயில், நாலு பிளக். வேலை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது.

அடுத்த கேள்வி வரும்னு தெரியும்: அப்ப பிரஷர்ல அடிக்கலாமா? என் பதில் மாறல, காரணம் மாறிருச்சு. தண்ணி எதிரி இல்ல. உங்க வண்டியில எந்த ரப்பர் வெந்து போயிருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, தண்ணி அடிக்கற பையனுக்கும் தெரியாது. தெரியாத எடத்துல 100 பார் வேண்டாம்.

மே 19, ராத்திரி

"அந்த 500 ரூபாய என்ன பண்ணுனீங்க"ன்னு கேட்டவருக்கு: செலவாயிருச்சு. அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டிருக்கேன்.

ஜூன் 8

பழைய வண்டி வாங்கப் போறவர் கேட்டிருக்கார், பானெட்டுக்குள்ள கண்ணாடி மாதிரி இருக்கு, நல்ல வண்டிதானேன்னு. எனக்கு அதுதான் சந்தேகம். 80,000 ஓடுன வண்டிக்குள்ள கொஞ்சம் தூசி இருக்கணும், அதுதான் இயற்கை. மினுமினுன்னு இருந்தா எங்க கசிஞ்சுதுன்னு பாக்க வழியில்லாமப் பண்ணிட்டாங்க. நல்லா அரை மணி நேரம் ஓட்டிட்டு, நிறுத்தி, டேப்பட் கவர் ஓரத்துலயும் அடியிலயும் டார்ச் அடிங்க. முடிஞ்சா ஒரு காயில உருவிப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிச வேலை. நான் அந்த ரெண்டு நிமிசத்த 2023லயே செலவு பண்ணியிருக்கணும்.

செப்டம்பர் 28

புதன்கிழமை ஆயுத பூஜை. இன்னிக்குக் காலையில அந்த வாட்டர் சர்வீஸுக்கே போனேன். ரெண்டு வருசமா அந்தத் தெரு வழியா கூடப் போகல. வரிசையில எனக்கு முன்னாடி எட்டு வண்டி. அதே பையன், மீசை வந்திருக்கு.

500 ரூபாய நீட்டுனேன். எதுக்குண்ணான்னான். கதையச் சொன்னேன், ரிங்கு, ரப்பரு, ஆயில்னு எல்லாம். பாதியிலயே அவன் கவனம் ஃபோம் கன்னுக்குப் போயிருச்சு. "அது ஓனரு அவரு பாக்கெட்டுல இருந்து குடுத்ததுண்ணா. நீங்க போட்ட சத்தத்துக்கு நான் பின்னாடி ஓடிட்டேன், அதுதான் ஞாபகம்"னான். ஓனர் கல்லாவுல இல்ல. காச மேஜை மேல டம்ளருக்கு அடியில வெச்சேன்.

"பானெட் தொறக்கவா வேண்டாமாண்ணா?" இந்தத் தடவ கேட்டான்.

தொறக்கச் சொன்னேன். தண்ணி வேண்டாம், காத்து மட்டும் அடின்னேன். காயில் பக்கம் சாச்சு அடிக்கச் சொல்லிக் காட்டுனேன், ஒழுங்கா அடிச்சான். பேட்டரித் தட்டுக்கு அடியில காத்துக் குழாய விட்டதும் எலிப் புழுக்கை கொஞ்சம், காஞ்ச சில்வர் ஓக் எலை ஒண்ணு, அதோட நமுத்துப் போன பொரி நாலு பறந்து வந்து என் சட்டை மேல ஒட்டிக்கிச்சு.